யாரும் திட்டாத வீடு

போன வாரம் சிறுவாச்சூரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு ஒரு குறை. வெளியே வரும்போது கொடுத்த தாம்பூலப் பை தேங்காய்க்குரிய கனத்தில் இல்லை என்பதைக் கையில் வாங்கும்போதே கவனித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு, தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதைப் புத்தகம். இப்போது இப்படி ஒரு வழக்கம் பரவியிருக்கிறதாம். தேங்காய் ஏறிய விலைக்கும் இந்தத் திடீர் இலக்கிய ஆர்வத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யோசித்தேன். இப்படி யோசிப்பதை என் மனைவி வியாதி என்பாள். நான் பணி அனுபவம் என்பேன்.

புத்தகம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. பின்னட்டையில் "கடினமான விஷயங்களை மென்மையாகச் சொல்லும் கதைகள்" என்று போட்டிருந்தது.

மென்மையாக. கல்வி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். அங்கே ஒரு மேலதிகாரி நம்மிடம் மென்மையாகப் பேச ஆரம்பித்தால் வீட்டில் பெட்டி கட்டச் சொல்லிவிடலாம். இடமாறுதல் உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகியிருக்கும். அந்தப் பயிற்சியோடுதான் முதல் கதையைப் படித்தேன். அதில் ஒரு பையனுக்கு அப்பா இல்லை. ஏன் இல்லை என்று கடைசி வரை சொல்லவில்லை. வானத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் அதிகமாக மின்னியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பா எங்கே போனார் என்று தெரியும். நட்சத்திரம் பிள்ளைக்காக வைத்தது இல்லை, கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட வேண்டிய பெரியவருக்காக வைத்தது.

எனக்கு அந்த வயதிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி காணாமல் போனாள். ஊருக்குப் போயிருப்பதாக எங்களிடம் சொன்னார்கள். அவளுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. நாங்கள் செருப்பைப் பார்த்தோம். நாங்கள் பார்ப்பதைப் பெரியவர்கள் பார்த்தார்கள். மறுநாள் செருப்பும் ஊருக்குப் போய்விட்டது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் பயந்திருப்பேன். சொல்லாமல் விட்டதால், இன்றைக்கும் யார் வீட்டு வாசலிலாவது செருப்பு தனியாகக் கிடந்தால் உள்ளே எல்லாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். என் மனைவி சொல்லும் வியாதி அங்கே தொடங்கியதோ என்னவோ.

புத்தகத்துக்கு வருகிறேன். வெற்றிலையின் ஈரம் பட்டு அட்டையின் ஒரு மூலை ஊறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மை வாசனை. உடனே அரியலூர் வந்துவிட்டது. அங்கே ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு அச்சகம் இருந்தது. மையும் மண்ணெண்ணெயும் சிமெண்டுத் தூசியும் கலந்த வாசனை அங்கே எப்போதும் இருக்கும். கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் லேசாகச் சாம்பல் பூத்தே வெளியே வரும். ஒரு கதைத் தொகுப்பை அந்த அச்சகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு ஒரு காலத்தில் என் தலையில் விழுந்தது.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு துணை வாசிப்பு நூல் தயாரிக்க வேண்டும், கதைகளை நம் ஆசிரியர்களே எழுத வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அதில் "மாணவர்தம் வாழ்வோடு இயைந்த" என்று ஒரு தொடர். அதை எழுதியவர் மாணவர்தம் வாழ்வைப் பார்த்ததில்லை என்பது அந்தத் தமிழிலேயே தெரிந்தது. குழு அமைத்தார்கள். தலைவர் அரியலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லாரும் அவரைப் புலவர் அய்யா என்பார்கள். வெள்ளை வேட்டி, நல்ல குரல், நல்ல மனசு. அந்த நல்ல மனசைப் பற்றித்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன். ஒரு கணக்காசிரியர் உறுப்பினர். கதைக்கும் கணக்காசிரியருக்கும் என்ன என்று கேட்காதீர்கள். குழு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு கணக்காசிரியர் இருப்பார். நான் கூட்டக் குறிப்பு எழுதுபவன். எனக்கு ஓட்டு கிடையாது. காது உண்டு.

வந்த கதைகளில் பெரும்பாலானவற்றின் முடிவில் ஒரு மரம் நடப்பட்டது. மற்றவற்றில் ஒரு காகம் திருந்தியது. ஒன்றிரண்டில் மட்டும் நிஜம் எட்டிப்பார்த்தது. பருத்தி பொய்த்த வருஷத்தில் பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட ஒரு அப்பாவைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். பிள்ளைகள் மனசு பாதிக்கும் என்றார் புலவர் அய்யா. இப்படி யாராவது சொன்னால் யாருடைய மனசு என்று முதலில் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அப்பாவைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். கதையில் அம்மா விடாமல் அழுகிறாள், ஊரார் வந்து வந்து போகிறார்கள், அப்பாவோ சிங்கப்பூரில். திருத்திய படியைப் படித்த கணக்காசிரியருக்கே கணக்கு உதைத்தது.

"ஏன் இந்தம்மா இப்படி அழுவுது? அவரு அங்க வேற யாரையாச்சும் கட்டிக்கிட்டாரா?"

அழுகையையும் எடுத்துவிட்டார்கள்.

செல்வராணி டீச்சரின் கதை அந்தக் கதைக் கட்டுக்குள்தான் இருந்தது. செட்டிகுளத்துக்கு அந்தப் பக்கம், டவுன் பஸ் திரும்பும் ஒரு சின்ன ஊரில் தமிழாசிரியை. சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். வேலை பார்த்த ஊரில் தெருக்குழாய்க்கு எதிரே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசாதவர்கள் எழுதி அனுப்பும் தாளை நான் நின்றுகொண்டு படிப்பதில்லை, உட்கார்ந்துகொள்வேன்.

அந்தக் கதையில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் தண்ணீர்ப் பானையை உடைத்துவிடுகிறாள். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாள். விழவில்லை. "போவுது வுடு கண்ணு" என்கிறாள் அம்மா. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. மதிப்பெண் குறைகிறது, அப்பா ஒன்றும் கேட்பதில்லை. தம்பியைக் குட்டுகிறாள், குட்டு வாங்கியவனுக்கே வசவு விழுகிறது. தாய்மாமன் அடிக்கடி வருகிறான். அல்வா, கண்ணாடி வளையல். ஒரு சாயங்காலம் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பாவாடையின் இடுப்பைப் பிரித்து, தங்கச்சியின் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கல்யாணம் என்ற சொல் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. அவள் ஒரே ஒரு முறை கத்துகிறாள், அப்பா அடிக்கிறார், மாமன் வாசலில் நின்று சிரிக்கிறான்.

படித்து முடித்துவிட்டு, தேவையே இல்லாமல் எழுந்துபோய் பீரோவைத் திறந்து மூடினேன்.

குழு கூடியது. அப்பா அடிப்பது வேண்டாம், வன்முறை. மாமன் சிரிப்பது எதிர்மறை. பெண்பிள்ளை கத்துவது நாகரிகம் இல்லை. பாவாடை தைப்பது கதைக்குச் சம்பந்தமில்லாதது என்று கணக்காசிரியர் கண்டுபிடித்தார். கல்யாணம் என்ற சொல் சுப நிகழ்ச்சி ஆனது. அல்வாவோடு ஒரு பேனாவும் வாங்கி வந்தால் மாமன் கல்வியில் அக்கறை உள்ளவனாகத் தெரிவான் என்று புலவர் அய்யா தன் கையாலேயே ஒரு பேனாவைச் சேர்த்தார். முடிவில் கதையில் என்ன மிஞ்சியது என்றால், ஒரு பெண், அவளிடம் எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள், மாமன் தின்பண்டம் வாங்கித் தருகிறான், வீட்டில் ஏதோ விசேஷம். தலைப்பையும் "அன்பு இல்லம்" என்று மாற்றினார்கள். பின்னால் இரண்டு பேர் பெயரைப் போட்டு முகூர்த்த நேரத்தையும் சேர்த்திருந்தால் அப்படியே பத்திரிகையாக அடித்திருக்கலாம்.

செல்வராணி டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினோம். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். பொறுமையாகப் படித்தார். பிறகு, பானை உடைந்தும் யாரும் திட்டாத இடத்தை மட்டும் எடுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார்.

"அதுதானேம்மா கதையோட அழகே" என்றார் புலவர் அய்யா.

டீச்சர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு சுலபமாக ஒருவர் ஒத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது.

உத்தரவின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. அச்சுக்குப் போகும் முன் ஏதாவது ஒரு பள்ளியில், பெற்றோர் முன்னிலையில், கதைகளை வாசித்துக்காட்டிக் கருத்துப் பெற வேண்டும் என்று. கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை. அதைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். புலவர் அய்யாவுக்கு விருப்பம் இல்லை, வெயில் என்றார். செல்வராணி டீச்சரின் பள்ளியிலேயே வைத்துக்கொண்டால் வழியில் செட்டிகுளம் மலைக்கோவிலில் முருகனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னேன். வெயில் உடனே தணிந்தது.

ஒன்பதாம் வகுப்பு அறை. பிள்ளைகள் தரையில். பெற்றோருக்குப் போட்ட பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஜன்னல்களுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சின்ன வெங்காயம் நடவு முடிந்திருந்த நேரம். நல்ல காரியத்துக்கு ஆபீஸ் ஜீப் வராது என்ற அனுபவம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. புலவர் அய்யா "அன்பு இல்லம்" கதையை உருக்கமாக வாசித்தார். பிறகு, யாரைப் பிடித்தது என்று கேட்டார். மாமாவை என்றார்கள் பையன்கள். ஏன் என்றார். அல்வா என்றார்கள். புலவர் அய்யா பேனாவையும் நினைவுபடுத்தினார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் கஸ்தூரி. வாத்தியார் கேட்காமல் எழுந்த முதல் பிள்ளை அவள்தான்.

"பானைய ஒடச்சும் அவள யாரும் திட்டலீங்களே அய்யா."

"ஆமாம்மா. அவ்வளவு அன்பான குடும்பம்."

"எங்க வூட்டுலயும் ஒரு மாசமா என்னை யாரும் திட்டலீங்க அய்யா. ஆட்ட அவுத்து வுட்டுட்டேன், வெங்காயத்தயே மேஞ்சிடுச்சு. அப்பக்கூட யாரும் ஒண்ணும் சொல்லல."

புலவர் அய்யா மகிழ்ச்சியோடு அவளை உட்காரச் சொன்னார். அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பெண்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பிவிட்டார்கள். அங்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவர் கஸ்தூரியின் அப்பா என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழுவில் படித்தவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தோம். கதை வெளியே புரிந்துவிட்டது.

புலவர் அய்யாவை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு, பஸ் திருப்பத்தில் டீச்சர் என்னிடம் தனியாகச் சொன்னார். கஸ்தூரியை அவளுடைய அம்மாவின் தம்பிக்குக் கட்டப் பேசி முடித்துவிட்டார்கள் என்று டீச்சருக்குச் சில நாளாகவே ஐயம். வெங்காயம் எடுத்ததும் ஒரு கோவிலில் வைத்துத் தாலி. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நேராகக் கேட்டால் மறுப்பார்கள்; பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். என்ன நடைமுறை என்று என்னைக் கேட்டார். நடைமுறை கேட்டால் நான் மலர்ந்துவிடுவேன். மனு, நகல், உரிய பிரிவு, விசாரணை, அறிக்கை என்று வரிசையாகச் சொன்னேன்.

"அதுக்குள்ள தாலி ஏறிடும் சார்."

மனுவை எழுதி வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் கேட்டேன், கதை யார் வீட்டில் நடந்தது என்று.

"எங்க வூட்டுல சார். எங்க அக்கா. அந்தப் பாவாடை எனக்குத்தான் வந்துச்சு. நல்லா இருக்குன்னு சந்தோசமா போட்டுக்கிட்டுப் போனேன்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, நான்தான் ஏறினேன்.

மறுநாள் காலையில் நடந்ததை டீச்சர் பிறகு சொல்லித்தான் கேட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். விடிந்ததும் குழாயடியில் ஒரே வசவு. பெண்பிள்ளை உள்ள வீடுகளெல்லாம் தங்கள் பெண்ணைக் குடத்தோடு இழுத்துவந்து, டீச்சரின் அறைக்கு நேர் எதிரே நிறுத்தித் திட்டின. எருமை, சோம்பேறி, எழுத்துக் கூட்டத் தெரியுதா உனக்கு என்று. சிலர் ஒருமுறை திட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்களாம், டீச்சர் கேட்டாரா என்று. எங்கள் வீட்டில் கல்யாண ஏற்பாடு ஒன்றும் இல்லை என்று சொல்ல அந்த ஊருக்கு வேறு வழி தோன்றவில்லை. கஸ்தூரியின் வீடுதான் சத்தம் அதிகம். டீச்சர் நம்பவில்லை. அவர் கணக்கு வேறு.

"நெசமாத் திட்டுனா அந்தப் புள்ள எதிர்த்துப் பேசும் சார். இது தலையக் குனிஞ்சுகிட்டு நிக்குது."

அந்த வாரமே கஸ்தூரியின் அப்பா பெரம்பலூருக்கு என்னைத் தேடி வந்தார். அவருக்கு முன்பே அதே ஊரிலிருந்து வேறு இரண்டு அப்பாக்கள் தனித்தனியாக வந்து, டீச்சர் எங்கள் வீட்டைப் பற்றி எழுதிவிட்டார் என்று புகார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் புகார் சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டினேன், நின்றார். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கதை அது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்புறம் எப்படிங்க அல்வா வரைக்கும் சரியா இருக்கு? எம் மச்சான் அல்வாதாங்க வாங்கியாந்தான்."

மச்சான் நல்ல பையன் என்றார். மனைவி அழுது கேட்கிறாள், தம்பிக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்றார். கதையில் வரும் எல்லாரும் நல்லவர்கள்தானே என்று அவரிடம் கேட்டேன்.

"அதாங்க பயமா இருக்கு. அடிக்கிற அப்பனா இருந்தா, அது நான் இல்லன்னு வூட்டுக்குப் போயிருப்பேன். எம் புள்ளய நான் அடிச்சதே இல்லீங்க."

பிள்ளைகளுக்கான கதையில் கெட்டவன் ஒருவனை வைப்பதுதான் தைரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கெட்டவனைப் பிடித்துக்கொண்டு எத்தனை அப்பாக்கள் தப்பித்துப் போவார்கள் என்பதை யோசித்திருக்கவில்லை. புலவர் அய்யாவின் நல்ல மனசு எதையெல்லாமோ வெட்டி, தெரியாமலே அந்தக் கதவை அடைத்திருந்தது. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. பாவாடையை வெட்டியவர்களுக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது.

போகும்போது அவர் கேட்டார்:

"எம் பேரு ஆபீஸ்ல ஏறிப்போச்சுங்களா?"

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

இதைவிடப் பயங்கரமான சொல் அரசாங்கத்தில் கிடையாது. ஆமாம் என்றால் ஆளைப் பிடிக்கலாம், இல்லை என்றால் நிம்மதியாகப் போகலாம். பரிசீலனையில் இருப்பவன் இரண்டும் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் போனார். மனு அப்போதும் உரிய பிரிவில்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் கஸ்தூரி குடத்தைக் கீழே போட்டாள். அம்மா திட்டினாள். கஸ்தூரி நிமிர்ந்து, நீயே வந்து தூக்கு, எனக்கு டெஸ்ட் இருக்கு என்றாள். அம்மா தண்ணீரை அள்ளி மூஞ்சியில் அடித்தாள். இரண்டு பேரும் கத்திக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்களாம். ஜன்னலருகில் நின்றிருந்த செல்வராணி டீச்சர் அன்று பள்ளிக்குப் போகும் வழியில் எனக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தார்.

"திட்டிட்டாங்க சார்" என்றார்.

மச்சானுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். கஸ்தூரி பத்தாவது எழுதினாள், அதற்கு மேலும் படித்தாள். இப்போது திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலையாம். தாம்பூலப் பைப் புத்தகத்தைப் படித்த அன்று செல்வராணி டீச்சருக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கஸ்தூரிக்கு ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறாள் என்றார். திட்டுகிறாளா என்று கேட்டீர்களா என்றேன். அதைக் கேட்காமல் இருப்பேனா என்றார் டீச்சர்; தினமும் திட்டுகிறாளாம். சொன்னதை நம்பினீர்களா என்று கேட்டேன். போனில் கேட்டது, எப்படி நம்புவது என்றார். சந்தேகப்படுவதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

அந்தத் தொகுப்பு வெளிவரவில்லை. அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, திரும்பச் சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. கதைகள் ஒரு ஊரிலும் ஒப்புதல் இன்னொரு ஊரிலும் தங்கிவிட்டன; அவர்கள் அச்சிடுவார்கள் என்று இவர்களும், இவர்கள் அச்சிடுவார்கள் என்று அவர்களும் இருந்தார்கள். புலவர் அய்யா காலமாகிவிட்டார். டீச்சரிடம் கைப்பிரதிகூட இல்லை. ஒரே ஒரு மத்தியானம், ஒரு வகுப்பறையில் படிக்கப்பட்டதோடு அந்தக் கதையின் ஆயுள் முடிந்தது.

செட்டிகுளம் போன ஒருநாள், டீச்சர் வேலை பார்த்த அந்த ஊரில் இறங்கிப் பார்த்தேன். பள்ளிக்குக் காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது; வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. குழாயடி இருந்த இடத்தில் சிமெண்டு போட்டு மூடி, மேலே யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். நல்லதுதான், குடம் தூக்கும் வேலை இல்லை. காலை நேரம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள தெரு. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வசவும் காதில் விழவில்லை.